கிழங்குக்குள் ஒளிந்த கிருமி: திசு வளர்ப்புக் குப்பிகளைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம். காரைக்குடிக்குப் பக்கத்தில், பழைய வளவு வீடு ஒன்றின் பின்கட்டு அறையில்தான் எங்கள் சின்ன ஆய்வகம். செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத குப்பிக்குள் வைத்துக் கன்றாக்கும் திசு வளர்ப்புதான் அங்கே வேலை. சேனைக்கிழங்கு மொட்டுகளை வைத்த குப்பிகள் இருபது நாள் வரை பளிச்சென்று இருந்தன. இருபத்தோராம் நாள் காலையில் விளக்கைப் போட்டால், பாதிக்கு மேற்பட்ட குப்பிகளில் மொட்டின் அடியில் கஞ்சித்தண்ணீர் சிந்தியதுபோல ஒரு வெண்படலம். வீட்டுக்கார ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஜாடிக்குள்ள ஈரக் கையை விட்டியளா தம்பி?" என்றார். ஊறுகாய் ஜாடியை வருஷக்கணக்கில் காப்பாற்றியவருக்கு அதுதான் முதல் சந்தேகம். ஆனால் அந்த முறை கை குற்றவாளி இல்லை. கிருமி கிழங்கோடு சேர்ந்தே உள்ளே வந்திருந்தது.

அது புரியாமல் நான் செய்தது, ப்ளீச்சின் அளவைக் கூட்டியது. அடுத்த தொகுதியில் மொட்டுகள் வெந்து வெளுத்தன; வெண்படலம் மட்டும் சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்தது. மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் கிருமி எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான்.

கிழங்குப் பயிர்கள் ஏன் இவ்வளவு தொல்லை

சேனை, சேப்பங்கிழங்கு, கருணை எல்லாம் மண்ணுக்குள்ளேயே பிறந்து வளர்பவை. தோலில் வெடிப்பு, முளைக்கண்ணைச் சுற்றி அடுக்கடுக்கான மடிப்பு, அதற்குள் செம்மண். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தண்டாலும் கொடியாலும் பெருகுகின்றன. விதை என்ற வடிகட்டி நடுவில் வருவதே இல்லை. தாத்தா காலத்துச் செடியில் புகுந்த பாக்டீரியாவும் வைரஸும் பேரன் நடும் கரணையிலும் இருக்கும்.

வயலில் இவற்றில் பல ஒரு தொந்தரவும் செய்வதில்லை. சில செடிக்கு உதவியாகக்கூட இருக்கின்றன. குப்பிக்குள் கதை மாறுகிறது. முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் வெளியிட்ட எம்.எஸ். ஊடகத்தைத்தான், அதாவது குப்பியில் செடிக்கு உணவாகும் கலவையைத்தான், இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அதில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்க்கிறோம். உப்புகளும் வைட்டமின்களும் இருக்கின்றன. அறை 25 டிகிரி. செடி ஒரு இலை விடுவதற்குள் பாக்டீரியா பல தலைமுறை பார்த்துவிடும்.

முதல் படி: குப்பியைப் படியுங்கள்

எங்களுக்கு மிகவும் உதவிய பழக்கம் காசு செலவில்லாதது. வேலை செய்த வரிசைப்படியே குப்பிகளுக்கு எண் போடுவது. தேதி, பயிர், தாய்ச்செடி எண், மீடியா (ஊடகம்) தயாரித்த நாள், வேலை செய்தவரின் முதல் எழுத்து, அப்புறம் வரிசை எண். ஒரு தடவை 1 முதல் 40 வரை சுத்தம். 41 முதல் 58 வரை வரிசையாகப் பூஞ்சை. 40க்கும் 41க்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தால், டீ வந்திருந்தது. குடித்துவிட்டு வந்த கையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் உட்கார்ந்துவிட்டோம். எண் இல்லாவிட்டால் அந்தப் பதினெட்டுக் குப்பிக்கும் பழி ப்ளீச்சின் மேல் போயிருக்கும்.

எண்ணோடு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: எத்தனையாவது நாள், குப்பியில் எந்த இடம், என்ன நிறம்.

செடித்துண்டைத் தொடாமல், ஊடகத்தின் நடுவிலோ ஓரத்திலோ மூன்று முதல் ஐந்து நாளில் பஞ்சுபோலப் பூஞ்சை எழுந்தால் அது காற்று வழியாகவோ கை வழியாகவோ விழுந்த ஸ்போர், அதாவது பூஞ்சையின் வித்து. பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத் தூளாக இருந்தால் பெரும்பாலும் பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம் வகைகள். ரொட்டியில் வருமே, அதே கூட்டம்தான்.

செடித்துண்டிலிருந்தே கிளம்பி ஒரு வாரத்துக்குள் பரவினால் மேற்பரப்புச் சுத்திகரிப்பு போதவில்லை என்று பொருள்.

செடி வைக்காத வெறும் குப்பியிலும் வந்தால் மீடியா சரியாக வேகவில்லை, அல்லது மூடி சரியில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தொகுதியிலும் நாலைந்து குப்பிகளைக் காலியாக விட்டுவைக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்தோ, இரண்டாம் மூன்றாம் சப்கல்ச்சரிலோ (செடியைப் புது ஊடகத்துக்கு மாற்றும்போதோ), துண்டின் வெட்டிய அடிப்பகுதியைச் சுற்றி மட்டும் பால் நிறத்தில் அல்லது மஞ்சளாக மேகம் படர்ந்தால் அது திசுவுக்குள்ளேயே குடியிருந்த பாக்டீரியா. எங்கள் சேனையில் வந்தது இதுதான்.

ஊடகத்தின் மேல் புள்ளி புள்ளியாக, யாரோ நடந்துபோன தடம்போலக் காலனிகள் இருந்தால், நிஜமாகவே யாரோ நடந்திருக்கிறார்கள். சிலந்திப்பேன், இலைப்பேன், சிற்றெறும்பு. நம் ஊர் வெயில் காலத்தில் ஈரமும் சர்க்கரையும் இருக்கும் இடத்தை எறும்பு கண்டுபிடிக்காமல் விடாது. அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் சமையலறை வித்தை ஆய்வகத்துக்கும் பொருந்தும். பேன் என்றால் பக்கத்து அலமாரிக் குப்பிகளையும் சேர்த்துச் சோதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மங்கலாகத் தெரிவதெல்லாம் கிருமி இல்லை. மரவள்ளி, சர்க்கரைவள்ளித் துண்டுகளிலிருந்து கசியும் பாலும், ஊடகத்தில் படியும் உப்பும் அப்படித்தான் தெரியும். சந்தேகம் வந்தால் அந்த இடத்திலிருந்து ஒரு துளியை, பாக்டீரியா வளர்க்கும் நியூட்ரியன்ட் அகார் தட்டில் கோடிழுத்து இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். வளர்ந்தால் கிருமி.

இரண்டாம் படி: தாய்ச்செடியைத் தயார் செய்யுங்கள்

பாதி வெற்றி இங்கேதான். ஆனால் பலரும் தாண்டிப்போவதும் இந்தப் படியைத்தான். சந்தையில் வாங்கிய கிழங்கை அன்றைக்கே வெட்டிக் குப்பியில் வைப்பது, வயல் சேற்றோடு வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம்.

சேனையானால், முளைக்கண் உள்ள துண்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெட்டுப்பரப்பு காயும் வரை நிழலில் வையுங்கள். லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் ஆட்டோகிளேவில், அதாவது பெரிய பிரஷர் குக்கர் போன்ற நீராவிக் கலனில், வேகவைத்த மணலில், முளைக்கண் மேலே இருக்கும்படி, கூரைக்கடியில் வையுங்கள். மண்ணை விட்டு மேலே எழும் புது முளைதான் நமக்கு வேண்டியது. பழைய கிழங்கின் சதை வேண்டாம். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கையுறை போடுங்கள். சேனையிலும் சேம்பிலும் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அரிப்பெடுக்க வைத்தால், முகத்தைச் சொறிந்த கையோடு வேலை செய்ய வேண்டிவரும்.

மரவள்ளிக்கு ஒரு சாண் நீளக் கரணைகளை அதேபோல் சுத்தமான மணலில் நட்டு, புதிதாக வரும் தளிரிலிருந்து கணுக்களை எடுங்கள். சர்க்கரைவள்ளி, அதாவது நம் பக்கத்துச் சீனிக்கிழங்கு, இருப்பதிலேயே சாது. தரையைத் தொடாமல் கயிற்றில் ஏற்றிவிட்ட கொடியில், நுனிக்குக் கீழே உள்ள நாலைந்து கணுக்கள் போதும்.

தண்ணீரை வேர்ப்பக்கம் மட்டும் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம். மழை பெய்த மறுநாள் துண்டு எடுக்க வேண்டாம். பஞ்சகவ்யாவும் சாணிக் கரைசலும் வயலுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நுண்ணுயிர்களைப் பெருக்குவதற்கென்றே செய்த கரைசலைத் தாய்ச்செடிக்கு ஊற்றிவிட்டு, அப்புறம் அதே நுண்ணுயிர்களை ஒழிக்க ப்ளீச்சோடு போராடுவதில் அர்த்தமில்லை.

இலையில் தேமல் உள்ள மரவள்ளியை ஒதுக்கிவிடுங்கள். வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயை எந்தக் கழுவலும் போக்காது. அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் வருகிறது.

மூன்றாம் படி: மேற்பரப்புச் சுத்திகரிப்பு

துண்டுகளை ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம் விடுங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் பல இடங்களில் சோப்பு நுரைக்காது; அப்படியானால் கடைசி அலசலையாவது ஆர்.ஓ. தண்ணீரில் செய்யுங்கள். பிறகு திரவ சோப்பு சில சொட்டு விட்ட தண்ணீரில் பத்து நிமிடம் குலுக்கி, நுரை போகும் வரை அலசுங்கள். பால் கசியும் துண்டுகளை, கசிவு நிற்கும் வரை தண்ணீரிலேயே வைத்திருங்கள். பால் காய்ந்து படிந்தால் அதற்கடியில் கிருமி பத்திரமாக இருக்கும்.

இனி லேமினார் ஃப்ளோவுக்குள், அதாவது வடிகட்டிய காற்று வீசும் வேலைமேடைக்குள். 70 சதவீத ஆல்கஹாலில் 30 முதல் 60 வினாடி. அதிக சதவீதம் இன்னும் நல்லதில்லையா என்று கேட்பார்கள். இல்லை. ஆல்கஹால் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். 95 சதவீதத்தில் கிருமியின் மேலோடு சட்டென்று உறைந்து உள்ளே இருப்பது தப்பிவிடும்.

அடுத்து சோடியம் ஹைப்போகுளோரைட். 4 சதவீதக் குளோரின் உள்ள திரவமானால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் கிடைக்கும். 100 மில்லிக்கு, மருந்து பரவிப் படிய உதவும் ட்வீன்-20 இரண்டு சொட்டு. பத்து முதல் பதினைந்து நிமிடம், குலுக்கிக்கொண்டே. பிறகு ஆட்டோகிளேவ் செய்த தண்ணீரில் மூன்று தடவைக்குக் குறையாமல் அலசல்.

இந்தத் திரவம் வெயிலில் வலு இழக்கும் சரக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடந்த கேனில் லேபிள் சொல்லும் 4 சதவீதம் இருக்கும் என்று நம்பாதீர்கள். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை எழுதி, இருட்டில் வையுங்கள். அமிலத்தோடு மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

சேனை மொட்டுக்கு நான் இரண்டு தவணையாகச் செய்கிறேன். முதல் கழுவல் முடிந்ததும் வெளிச்செதில்களில் இரண்டு மூன்றை உரித்துவிட்டு, பாதி வீரியத்தில் இன்னொரு ஐந்து நிமிடம். மடிப்புக்குள் மருந்து புகாததுதான் அங்கே பிரச்சினை; உரித்தால் மடிப்பே இல்லை. கடைசியில், வெளுத்துப்போன வெட்டுமுனையை இரண்டு மில்லிமீட்டர் நறுக்கிவிட்டுக் குப்பிக்குள் வையுங்கள். ஒரு குப்பிக்கு ஒரே துண்டு. இட மிச்சம் பார்த்து நாலு வைத்தால், ஒன்று கெட்டு நாலும் போகும்.

0.1 சதவீத மெர்குரிக் குளோரைடு நன்றாக வேலை செய்யும் என்பது உண்மை. பல கட்டுரைகளில் பார்ப்பீர்கள். நான் நிறுத்திவிட்டேன். அது பாதரசம். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விட முடியாது. செட்டிநாட்டு ஊர்களில் தெருத் தண்ணீர் ஓடிப்போய்ச் சேரும்படி அமைத்த ஊருணிகள் இருக்கின்றன. அபாயக் கழிவை முறைப்படி ஒப்படைக்க ஏற்பாடு இல்லாதவர்கள் அந்த பாட்டிலை வாங்கவே வேண்டாம்.

நான்காம் படி: மீடியா வேகட்டும்

121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம். இது குப்பியில் 30, 40 மில்லி ஊற்றியிருந்தால். அரை லிட்டர் பிளாஸ்க்கின் நடுப்பகுதி சூடேற நேரமாகும்; அதற்கு அரை மணி கொடுங்கள். ஆவி வால்விலிருந்து காற்று முழுக்க வெளியேறிய பிறகே மூட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் முள் 15 காட்டும், சூடு 121 இருக்காது. குப்பிகளை இடுக்கி அடுக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடராமல், நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள். அதற்காக ஒரு மணி நேரம் வேகவைத்தாலும் ஆகாது. சர்க்கரை கருகி, பி.ஹெச். (அமில-கார அளவு) இறங்கி, அகார் உறையாமல் கொழகொழவென்று நிற்கும்.

ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்தால் சூடு பட்டது என்றுதான் பொருள். கிருமி செத்தது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. உண்மையான சோதனை, ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்ற, சூட்டுக்கு எளிதில் சாகாத பாக்டீரியாவின் ஸ்போர் (உறங்கும் வித்து) தடவிய பட்டையை உள்ளே வைத்து, பிறகு அது வளர்கிறதா என்று பார்ப்பது. மாதம் ஒரு தடவை போதும். தயாரான மீடியாவை மூன்று நாலு நாள் வெறுமனே வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஐந்தாம் படி: அறை, கை, கத்தி

பழைய வீட்டில் ஆய்வகம் வைப்பதில் ஒரு வரமும் ஒரு சாபமும் உண்டு. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி மெருகேற்றிய சுவர் கண்ணாடிபோல இருக்கும். ஈரத்துணியால் துடைக்க அதைவிட நல்ல சுவர் இல்லை. ஆனால் முற்றம் திறந்தது. காற்றும் புறாவும் மழைச்சாரலும் தாராளமாக வரும். மேலே தேக்கு உத்தரங்களில் தூசி. அதனால் முற்றத்தை ஒட்டாத உள்ளறையைத் தேர்ந்தெடுத்து, உத்தரத்துக்குக் கீழே பொய்க்கூரை போட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவுங்கள். மின்விசிறி கூடவே கூடாது.

லேமினார் ஃப்ளோவை வேலைக்குக் கால் மணி முன்னாலேயே ஓடவிடுங்கள். அதன் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது சரி. காற்றுக்கும் துண்டுக்கும் நடுவில் உங்கள் கையோ பாட்டிலோ இல்லாதவரைதான் அந்தக் கணக்கு. திறந்த குப்பியின் மேலாகக் கை நீட்டாதீர்கள், பேசாதீர்கள். தலைப்பூ, வளையல் வெளியே. விபூதி பூசிக்கொண்டு வாருங்கள், தவறில்லை. உதிராமல் தலையில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். தட்டுச் சோதனையும் எளிது: அகார் தட்டு ஒன்றை உள்ளே அரை மணி நேரம் திறந்து வைத்து மூடி, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஒன்றும் முளைக்கக் கூடாது.

கத்தியும் இடுக்கியும் தனிக் கதை. ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் ஸ்போர் ஆல்கஹாலில் சாகாது. அந்த ஸ்பிரிட் ஜாடிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து ஒவ்வொரு முக்கலிலும் அடுத்த குப்பிக்குப் போகும். ஈரக் கை பட்ட ஊறுகாய் ஜாடி பற்றி ஆச்சி சொன்னது இங்கேதான் முழுசாகப் பொருந்தும். சுடரில் காட்டுங்கள், அல்லது 250 டிகிரி வாக்கில் இயங்கும் கண்ணாடிமணி ஸ்டெரிலைசரில் செருகி எடுங்கள். ஸ்பிரிட்டை நாள்தோறும் மாற்றுங்கள். இரண்டு செட் கருவி வைத்துக்கொண்டால் ஒன்று ஆறும்போது இன்னொன்றால் வெட்டலாம். சுடர் எரியும்போது ஸ்பிரிட் ஜாடியைத் தள்ளி வையுங்கள், கையில் தடவிய ஸ்பிரிட் காய்ந்ததா என்று பாருங்கள். கையுறையோடு தீப்பிடித்ததை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க ஆசையில்லை.

ஆறாம் படி: ஒளிந்திருப்பதை வெளியே வரவழையுங்கள்

குப்பி தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று ஆகாது. எம்.எஸ். ஊடகத்தின் உப்பும் 5.8 பி.ஹெச்.சும் பிடிக்காத பாக்டீரியா திசுவுக்குள் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். ஒவ்வொரு சப்கல்ச்சரிலும் தண்டின் அடியிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை வெட்டி நியூட்ரியன்ட் அகாரிலும், இன்னொன்றை உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரிலும் வைத்து, 28 முதல் 30 டிகிரியில் ஒரு வாரம் பத்து நாள் பாருங்கள். முதலாவது பாக்டீரியாவுக்கு, இரண்டாவது பூஞ்சைக்கு. மூன்று சப்கல்ச்சர் தொடர்ந்து தேறிய வரிசையை மட்டும் பெருக்குங்கள். முதல் குப்பியிலேயே ஆயிரம் கன்றுக்குக் கணக்குப் போடுபவர்கள் ஆறாவது மாதம் அழுவார்கள்.

ஏழாம் படி: கெட்ட குப்பியை என்ன செய்வது

திறக்காதீர்கள். மூடியோடு அப்படியே ஆட்டோகிளேவில் வேகவைத்து, அப்புறம் கழுவுங்கள். பூஞ்சை பூத்த ஒரு குப்பியை அறைக்குள் திறந்தால் அந்த வாரம் முழுக்க அதன் ஸ்போர் உங்களோடு இருக்கும்.

காப்பாற்றியே ஆக வேண்டிய ரகம், வேறு செடியே கிடைக்காது என்றால் மட்டும் மீட்பு வேலை. பாக்டீரியாவாக இருந்தால், மேகம் படாத நுனியை மட்டும் எடுத்து செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் லிட்டருக்கு 250 முதல் 500 மில்லிகிராம் உள்ள ஊடகத்துக்கு மாற்றலாம். இந்த மருந்து ஆட்டோகிளேவில் கெட்டுவிடும், 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மீடியா கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு சேர்க்க வேண்டும். மருந்து பல சமயம் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, அடக்கித்தான் வைக்கிறது. மருந்தில்லாத ஊடகத்துக்கு மாற்றி, ஆறாம் படியின் சோதனையைத் திரும்பச் செய்த பிறகே நம்புங்கள். எல்லா மீடியாவிலும் முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை வளர்க்கும் வேலை.

இதைவிட உறுதியான வழி ஆக்குதிசு வளர்ப்பு. நுனிமொட்டின் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் கூம்பை, உருப்பெருக்கியின் கீழ், ஒன்றிரண்டு இலைக்குருத்தோடு வெட்டி எடுப்பது. அந்த நுனி வரை நாளங்கள் எட்டுவதில்லை. பாக்டீரியாவும் வைரஸும் அங்கே அரிது. மரவள்ளித் தேமலுக்கும், சேனை, சேம்பைத் தாக்கும் டாஷீன் மொசைக் வைரஸுக்கும் வழி இதுதான். கை பழக நாளாகும். வெட்டியதில் பல செத்துப்போகும். ஆனால் பிழைத்த ஒன்று நூறு ப்ளீச் கழுவலுக்குச் சமம். வைரஸ் போனதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. எலைசா அல்லது பி.சி.ஆர். சோதனை வேண்டும். கன்றுகளை விற்கும் எண்ணம் இருந்தால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் கொண்டுவந்த திசு வளர்ப்புக் கன்றுச் சான்றளிப்பு முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழங்குப் பயிர் ரகம், நோய் பற்றிய சந்தேகங்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

எப்போது தொடங்குவது

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் புதுத் துண்டு வைக்க வேண்டாம். அறைக் காற்றே ஈரம், சுவரே பூக்கும். அந்த இரண்டு மாதமும் ஏற்கெனவே தேறிய குப்பிகளைச் சப்கல்ச்சர் செய்வதற்கு மட்டும். மரவள்ளிக்கும் சீனிக்கிழங்குக்கும் மாசி நல்ல மாதம். சேனையைத் தையில் பறித்தால் முளை உறக்கம் தீர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பங்குனியில் மணலில் வைத்தால் சித்திரைக்குள் முளை எழும். நாங்களும் அந்த ஐப்பசித் தொகுதி முழுவதையும் வேகவைத்துக் கொட்டிவிட்டு, அடுத்த பங்குனியில் பன்னிரண்டே கிழங்கை மணலில் வைத்துத்தான் திரும்பத் தொடங்கினோம்.